பாப்பா என்று வந்த கல்

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் கழுகம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. பதினெட்டு வருடமாக வைரத்துக்குத் தரம் போடுகிறவளுக்கு அது பட்டம் மாதிரி. முதல் பத்து வருடம் மண்ணிலிருந்து தோண்டிய கற்களைப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தில் வளர்த்த கற்கள் பொட்டலம் பொட்டலமாக வந்து குவிய ஆரம்பித்ததும் அவளை அந்தப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

வாசலில் பையைச் சோதிக்கிற காவலாளிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன் கழுகம்மா, மண்ணுல கிடந்த கல்லுக்குத் தரம் பாக்கறீங்க, நியாயம். மிஷின்ல வளந்த கல்லுக்கு எதுக்கு? எல்லாம் ஒரே அச்சுல அடிச்ச செங்கல் மாதிரிதானே இருக்கும்?"

"வீட்டுல பொறந்தா என்ன, ஆஸ்பத்திரியில பொறந்தா என்ன? பிள்ளைய எடை போட்டுத்தானே ஆகணும்?" என்பாள்.

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். இயந்திரத்தில் வளர்ந்ததும் வைரம்தான். அதே கரி, அதே கடினம். ஆனால் இரண்டு கற்கள் ஒரே மாதிரி வளர்வதில்லை. வளரும் நேரத்தில் மின்சாரம் ஒரு நொடி ஏறி இறங்கினாலும் உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி அடைபட்டுப் போகும். அவசரப்படுத்தி வளர்த்தால் லேசாகப் பழுப்பேறும். இதையெல்லாம் கண்டுபிடித்து எழுதுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

நிறம் பார்க்கும்போது கல்லைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நேராக வைத்தால் அது மினுக்கி ஏமாற்றும். வெள்ளைத் தட்டில் தலைகீழாக வைத்து, நிறம் முன்பே தீர்மானமான அளவுகற்களைப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி, எந்த இரண்டுக்கு நடுவில் இது உட்காருகிறது என்று பக்கவாட்டில் பார்ப்பாள். நிறமே இல்லாதது முதல் தரம். மஞ்சளோ பழுப்போ கூடக் கூட ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். தெளிவைப் பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடி. புள்ளி எத்தனை, எவ்வளவு பெரியது, நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா? பட்டை சரியாகத் தீட்டியிருக்கிறார்களா, உள்ளே போன வெளிச்சம் மேலே திரும்பி வருகிறதா, அடி வழியாகக் கசிந்துவிடுகிறதா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்வாள்.

ஒரு கல்லை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. யாருடைய கல் என்பது இருவருக்குமே தெரியாது. பொட்டலத்தின் மேல் ஒரு எண், அவ்வளவுதான். இந்த வேலையில் அவளுக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த எண். சொந்தக்காரனின் முகம் தெரிந்துவிட்டால் கை எப்படியும் ஒரு படி கூட்டிப் போடும். கழுகம்மா பதினெட்டு வருடத்தில் ஒரு கல்லுக்கும் கூட்டிப் போட்டதில்லை.

அவளுக்கு ஒரே மகள். சின்ன வயதில் பாப்பா என்று கூப்பிட்டது பதினேழு வயதிலும் மாறவில்லை. ரத்தத்தில் நோய் என்று முடிவு வந்த வாரமே வார்டு நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து ஏற்றினால் முடி கொத்துக் கொத்தாக வந்துவிடும், முன்னாலேயே வெட்டிவிடுங்கள் என்றாள். சரியான யோசனை. தலையணையில் கிடக்கிற தன் முடியைக் காலையில் எழுந்து பார்ப்பது பெரியவர்களையே உடைத்துப் போட்டுவிடும். கழுகம்மா மகளுக்குத் தலை குளிப்பாட்டி, காயவைத்து, எண்ணெய் தடவி, இறுக்கமாகப் பின்னி, மேலும் கீழும் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டு வெட்டி எடுத்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வந்தது.

பாப்பா கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா இனிமே பாத்ரூம் குழாய் அடைச்சுக்கிச்சுன்னு என்னைத் திட்ட முடியாது" என்றாள்.

அப்பா தையல் மிஷின் பழுது பார்ப்பவர். கடைத்தெருவில் ஒரு கதவு அகலத்துக்குக் கடை. மகளைத் திட்டவும் தெரியாது, கொஞ்சவும் தெரியாது. ஆனால் அவள் நோயோடு கிடந்த பதினான்கு மாதத்தில் அவளைப் படுக்கையில் திருப்பிப் போட அவரைப்போல் ஆள் கிடையாது. தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, ஒரு மூச்சில், விரிப்பு சுருங்காமல் திருப்புவார். நர்ஸே கூப்பிட்டு மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறாள். வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைப்பது தாயின் வேலை, திருப்புவது தகப்பனின் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். உடம்பில் ஒரு இடத்திலும் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். நோயை அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மகள் போன மூன்றாவது வாரம் கழுகம்மா வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். அங்கே சுவரைப் பார்ப்பதற்குச் சம்பளமாவது உண்டு. அவர் போகவில்லை. கடை பூட்டிக் கிடந்தது. பாப்பாவின் கட்டிலில், கால் பக்கத்தில், யாரோ கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னதுபோல ஓரமாக உட்கார்ந்திருப்பார். சவரம் கிடையாது. தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். பெல்ட்டில் அவரே ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டுக்கொண்டார். மனிதர் இப்படியே கரைந்து போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அலமாரியைத் திறந்தபோது, பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்திருந்த சடையைக் காணோம். துணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

"சடை எங்க?"

"குடுத்திருக்கேன்."

"யாருகிட்ட?"

சட்டைப்பையிலிருந்து வழவழப்பான ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். இறந்தவர்களின் முடியிலிருந்து கரியைப் பிரித்தெடுத்து, பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரமாக வளர்த்துத் தருகிற நிறுவனம். காகிதத்தில் ஒரு தாய் கன்னத்தில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கேட்டா நீ வேண்டாம்பே. உனக்குத்தான் கல்லைப் பத்தி எல்லாம் தெரியுமே. அதான் கேக்கல."

"முழுசாவா குடுத்தீங்க? ஒரு பிடி கூடவா எடுத்து வெக்கல?"

"நிறையக் குடுத்தா நல்லா வரும்னாங்க. பாப்பா விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணச் சொல்றியா?"

நான்கு நாள் அவள் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் கடையைத் திறந்தார். எத்தனை மாதத்தில் வரும், என்ன அளவு வரும், வீட்டுக் கூடத்தில் எங்கே வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தார். பேச்சோடு சோறும் உள்ளே போயிற்று. கழுகம்மா வாயை மூடிக்கொண்டாள். முடியில் கரி உண்டு, கரியிலிருந்து வைரம் வரும், அதில் பொய் ஒன்றும் இல்லை. போகப் போக அவளும் எதிர்பார்க்க ஆரம்பித்தாள் என்பதுதான் உண்மை.

ஐந்து மாதம் கழித்துக் கல் வந்தது. அரைக் காரட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவர் மிஷின் உதிரியிலிருந்து திருகுமூடி போட்ட ஒரு சின்ன எஃகுக் குப்பி செய்து, உள்ளே வெல்வெட் ஒட்டி அதில் வைத்தார். கடை எண்ணெய்ப் பிசுக்கு என்று பகலில் கூடத்து அலமாரியில் விட்டுப் போவார். திரும்பி வந்து கை கழுவி, தேநீரோடு உட்கார்ந்து, மூடியைத் திறந்து விளக்கின் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்.

"பாப்பா, இன்னிக்கு ஒரு அம்மா வந்துச்சு. ஊசி உடைஞ்சதுக்கு மிஷினையே வித்துடலாமான்னு கேக்குது. ஊசியை மாத்திக் குடுத்தேன். மந்திரவாதியப் பாக்கற மாதிரி பாத்துச்சு."

கல் வந்த இரண்டாம் நாள், அவர் குளிக்கப் போயிருந்தபோது கழுகம்மா குப்பியைத் திறந்தாள். வேறு தாயாக இருந்தால் உள்ளங்கையில் வைத்துக் கன்னத்தில் ஒற்றியிருப்பாள். இவளும் அதற்குத்தான் எடுத்தாள். ஆனால் கை தன் பழக்கத்தில் பைக்குள் போய் லூப்பை எடுத்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் அவள் சும்மா இருந்திருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

கல்லின் அகலமான இடத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு ஒன்று ஓடும். தொழிலில் அதற்கு இடுப்பு என்று பெயர். தரம் போட்டு முடித்த கல்லுக்கு அந்த இடுப்பில் லேசரால் ஒரு எண் பொறிப்பது வழக்கம். இந்தக் கல்லின் இடுப்பில் ஒரு சின்ன இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருந்தது. அதன் ஓரத்தில், அழிந்து போன இரண்டு எழுத்துகளின் கால்கள் மட்டும் மிச்சம். யாரோ எண்ணைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். பாப்பாவின் சடையிலிருந்து இவர்களுக்கென்றே வளர்ந்த கல்லுக்கு, வேறொரு பரிசோதனைக்கூடத்தில் முன்பே எண் போட்டிருக்க வேண்டிய அவசியம் என்ன?

மறுநாள் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். காவலாளி அதை ஏதோ மிஷின் உதிரி என்று நினைத்து விட்டுவிட்டான். சாப்பாட்டு இடைவேளையில், எல்லோரும் எழுந்து போன பிறகு, கல்லை ஒளியை வடிகட்டும் இரண்டு கறுப்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து ஒளியை ஏற்றினாள். வைரம் வளர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கரியைப் பெரும் அழுத்தத்தில் வைத்து உருவாக்குவது. மற்றது, ஒரு மெல்லிய வைரத் துண்டின் மேல் வாயுவிலிருந்து கரியைப் படலம் படலமாகப் படியவிடுவது. அழுத்தத்தில் வளர்ந்த கல் அந்தத் தகடுகளுக்கு நடுவில் அமைதியாக, ஒரே சாம்பலாக இருக்கும். வாயுவில் வளர்ந்தது நெய்த துணிபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு காட்டும். நிறுவனத்தின் சான்றில் அழுத்தம் என்று அச்சடித்திருந்தது. அவள் கண் முன்னால் இருந்தது துணி.

புற ஊதா ஒளியிலும் வைத்துப் பார்த்தாள். அடுக்கி வைத்த காகிதத்தின் விளிம்புபோல வரிவரியாகத் தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் வளர்ந்த வாயுக் கல்லில் ஒன்றை வாங்கி, எண்ணைத் தேய்த்து, பாப்பா என்று கொடுத்திருக்கிறார்கள். லேசான பழுப்பு, ஓரத்தில் மூன்று கறுப்புப் புள்ளி, பட்டை பரவாயில்லை, நடுத்தரத்துக்கு ஒரு படி கீழே. கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் தான் தரம் போட்டுக்கொண்டிருப்பது அவளுக்கே உறைத்தது.

பக்கத்து மேசைக்காரி கை துடைத்துக்கொண்டே வந்தாள். "சாப்பிடலையா கழுகம்மா?"

"பசிக்கல."

"முகம் ஏன் இப்படி இருக்கு? கல்லுல ஏதாச்சும் விழுந்திருக்கா?"

"இல்ல. சாதாரணக் கல்லுதான்."

அந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு நிறுவனத்துக்குப் போனாள். மென்மையான நாற்காலி, மென்மையான விளக்கு, மேசையில் டிஷ்யூ பெட்டி. அழுகிறவர்களை உட்காரவைத்துப் பழகிய இடம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"சொல்லுங்கம்மா, உங்க இழப்புக்கு நாங்க எப்படி..."

"வாயுக் கல்லு குடுத்திருக்கீங்க. இடுப்புல இருந்த நம்பரைத் தேச்சிருக்கீங்க, சரியாக்கூடத் தேய்க்கல. நான் தரம் போடற கூடத்துல வேலை பாக்கறேன். எம் பொண்ணு சடை எங்க?"

அந்தப் பெண்ணின் தலை நேரானது. உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்து ஒரு ஆளோடு வந்தாள். ஆள் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தான். உள்ளே சடை. அவள் போட்ட இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. பையின் வாயில் ஒட்டிய தாளில், குறுக்கே, அவள் கணவரின் கையெழுத்து. தாள் கிழியவே இல்லை. அவர் கொடுத்த நாளிலிருந்து ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

"செய்முறைக்குக் கொஞ்சம் போதும்மா. மீதியைப் பத்திரமா வெச்சிருந்தோம்" என்றான் ஆள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "வாங்கிக்கிட்டீங்கன்னு ஒரு கையெழுத்து."

கையெழுத்துப் போட வேண்டிய தாளில் நான்கு வரி இருந்தது. கல் திருப்தியாக இருக்கிறது, முறைப்படி செய்யப்பட்டது, மீதி முடியைப் பெற்றுக்கொண்டேன், புகார் எதுவும் இல்லை.

"இது பொய்."

"அப்போ பையை உள்ள எடுத்து வெச்சுடறோம். நீங்க புகார் குடுங்க. எல்லாம் முடிய வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் இது சாட்சிப் பொருள். உங்க வீட்டுக்காரரும் வந்து எல்லாத்தையும் கேக்க வேண்டியிருக்கும்."

கழுகம்மா பையைப் பார்த்தாள். அவர் பெல்ட்டில் பழைய ஓட்டைக்குத் திரும்பியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் தட்டில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார். மருந்து வேலை செய்கிறபோது சீசாவில் என்ன இருந்தது என்று நோயாளியிடம் போய்ச் சொல்லுவார்களா? பேனாவை எடுத்தாள். பதினெட்டு வருடத்தில் பொய்க்குக் கீழே அவள் போட்ட முதல் கையெழுத்து அது.

சடையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அது முழுசாக இருப்பதே கல் பொய் என்பதற்கு அத்தாட்சி. பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு ஒரு லாக்கர் இருந்தது. குடை, மாற்றுச் செருப்பு, தலைவலி மாத்திரை, அவற்றுக்குப் பின்னால் சடை. இடைவேளையில் பையின் வாயைக் கொஞ்சம் திறந்து முகத்தருகே கொண்டுபோவாள். எண்ணெய் வாசனையும், அதற்கடியில் பாப்பாவின் தலை வாசனையும் இருந்தது. ஒரு மூச்சு. மறுபடி மூடிவிட்டு வேலைக்குப் போவாள்.

இப்படி எட்டு மாதம் ஓடியது. சாயங்காலம் அவர் கூடத்தில் கல்லோடு பேசுவார். அவள் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் கடையில் நடந்ததை அவர் வீட்டில் சொன்னதே கிடையாது. இப்போது எந்த மிஷின் எந்த வீட்டில் மக்கர் பண்ணுகிறது, யார் பாக்கி வைத்துவிட்டு எதிர்ப்பக்கமாக நடக்கிறான் எல்லாம் அவளுக்குத் தெரியும். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். சில நாள் அவர், "உங்கம்மா இன்னிக்குக் கோபமா இருக்கா பாப்பா, சத்தம் போடாதே" என்பார். பாத்திரத்தை வேண்டுமென்றே ஒரு தட்டுத் தட்டுவாள். அவர் சிரிப்பது கேட்கும்.

அவர் கடைக்கு அடுத்த கடை ஒரு சாவிக்காரருடையது. அவருடைய மனைவி மார்பில் கட்டி வந்து, இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் போயிருந்தாள். மனிதர் கடையில் உட்கார்ந்து, ஒரே சாவியை நாள் முழுக்க அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார் என்று இவர் கல்லிடம் சொன்னதைக் கழுகம்மா கேட்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இவரே அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"உக்காருப்பா. இந்தா பாரு, இதுதான் எங்க பாப்பா" என்று குப்பியைத் திறந்து வைத்தார்.

சாவிக்காரர் தொடவில்லை. குனிந்து பார்த்தார். "வெளிச்சமா இருக்குண்ணே."

"இருக்காதா பின்னே? சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நானும் ஒனக்குப் பத்து தடவை சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்கறே. இவளைக் கேளு. நாட்டுல கல்லைப் பத்தி இவளுக்குத் தெரியாதது கிடையாது."

சாவிக்காரர் சட்டைக்குள்ளிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். கசங்காமலிருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். சீப்பிலிருந்து சேர்த்த முடி. ஒரு கைப்பிடி கூட இல்லை. பாதி நரை.

"இவ்வளவுதான் அண்ணி இருக்கு. அவ போறதுக்கு முன்னாடி எல்லாம் கொட்டிப் போச்சு. இதையும் குடுத்துட்டா வேற ஒண்ணும் இல்ல எங்கிட்ட." அட்டைகளை நேராக்கி வைத்தார். "அண்ணே சொல்றாரு. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். குடுக்கலாமா?"

அவள் தேநீர்த் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை தாங்காமல் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினால் போதும். பிறகு தனியாகப் போய்ச் சாவிக்காரரைத் தடுத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். தடுத்தால் ஏன் என்று சாவிக்காரர் கேட்பார், பக்கத்துக் கடைக்காரர் வேறு, ஒரு வாரத்துக்குள் விஷயம் கணவர் காதுக்கு வந்துவிடும். தடுக்காமல் விட்டால் அந்த உறையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய் எங்கோ ஒரு அலமாரியில் கிடக்கும்.

"குடுக்காதீங்க" என்றாள்.

"ஏய், என்ன சொல்றே?" என்றார் கணவர், இன்னும் சிரிப்பு போகாமல்.

"அது ஏமாத்துற இடம். இது பாப்பா இல்லங்க. கடையில வாங்கின கல்லு. முடியை அவங்க தொடவே இல்ல." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தேய்த்த எண், துணிக்கோடு, பிளாஸ்டிக் பை, கையெழுத்து. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வேறு மாதிரி சொல்ல அவளுக்குத் தெரியாது.

சாவிக்காரர் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். யாரிடம் விடைபெறுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போனார். கணவர் குப்பியின் மூடியைத் திருகி மூடினார். அவசரமில்லாமல், மரை சரியாகப் பதிகிறதா என்று பார்த்து.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"கல்லு வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து."

"எட்டு மாசம்." விரல்களை மடக்கிப் பார்த்தார். "எட்டு மாசமா நான் ஒரு கடைக்கல்லுகிட்டப் பேசிட்டிருந்தேன். நீ உள்ள நின்னு கேட்டுக்கிட்டிருந்தே."

"ஆமா."

"சிரிப்பா இருந்துச்சா?"

"நீங்க சாப்பிட ஆரம்பிச்சீங்க. கடையைத் திறந்தீங்க. எனக்கு அது போதும்னு தோணிச்சு."

"சடை எங்க இப்போ?"

"ஆபீஸ்ல. என் லாக்கர்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நேரம் இருந்ததைவிட இது வேறு பார்வை. "அப்ப பாப்பா உங்கிட்ட இருந்தா. எங்கிட்ட இந்தக் கல்லை விட்டுட்டே."

அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவளுக்கு அந்த நிமிடம் வரைக்கும் தெரியாது.

திங்கட்கிழமை சடையை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து பையைப் பிரித்தார். முடிச்சைத் தொட்டார். பின்னலின் மேல் விரலை வைத்து நுனி வரைக்கும் ஓட்டினார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். ஒருமுறை மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"வாசனையே இல்லையே" என்றார்.

ஒவ்வொரு நாளும் இடைவேளையில் திறந்து திறந்து ஒரு மூச்சாக அவள் எடுத்துத் தீர்த்திருந்தாள்.

புகார் கொடுக்கத்தான் வேண்டும் என்று அவரே சொன்னார். கல்லையும் சான்றையும் கொண்டுபோய்ப் புகார் அலுவலகத்தில் கொடுத்தார்கள். சில நாள் கழித்து அங்கிருந்த அதிகாரி இருவரையும் கூப்பிட்டு, நிறுவனத்திலிருந்து வரவழைத்த ஒரு தாளை இவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். நான்கு வரி, கீழே கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"என்னோடதுதான்."

"கல்லு திருப்தின்னு எழுதியிருக்கு. நீங்களோ தரம் போடறவங்க. தெரியாமப் போட்டேன்னும் சொல்ல முடியாது."

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். விசாரிப்போம் என்றார். கல் சாட்சிப் பொருளாக அங்கேயே தங்கிவிட்டது. அனுமதியில்லாமல் சொந்தக் கல்லைப் பரிசோதனைக்கூடத்து இயந்திரத்தில் வைத்துப் பார்த்ததற்காக வேலையில் அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயமான கடிதம். வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். காவலாளி மட்டும் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் பையைப் பார்த்து உள்ளே விட்டான்.

சடை இப்போது பாப்பாவின் கட்டிலில், தலையணைமேல் இருக்கிறது. அவர் கடையை மூடவில்லை. அந்த அளவுக்கு அவர் மறுபடி விழவில்லை. காலையில் போகிறார், சாயங்காலம் வருகிறார், கை கழுவுகிறார், தேநீர் குடிக்கிறார். விளக்கின் கீழே ஒன்றும் இல்லை. அவர் பேசுவதில்லை. கழுகம்மாவோடு சண்டையும் இல்லை. உப்பு எங்கே, குடை எங்கே என்பதற்கு மேல் வார்த்தை இல்லை.

அடுப்படியில் நிற்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது: அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவளும் எட்டு மாதம் சாப்பிட்டிருக்கிறாள். ஊசி உடைந்த அம்மா என்ன ஆனாள்? சாவிக்காரர் சாவியை ராவுவதை நிறுத்தினாரா? சொல்ல ஆள் இல்லை.

மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு சாயங்காலம் தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போகாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருடம் கல்லைப் பார்த்தவளுக்கு மனிதர் முகத்தைப் பார்த்துக் கேட்பது சுலபமாக இல்லை.

"இன்னிக்குக் கடையில என்ன நடந்துச்சு?"

அவர் தம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"ஒண்ணுமில்ல."

தேநீர் முடிகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

மறுநாளும் கேட்டாள்.